டர்போ காரும் மூன்று கிளிக்குகளும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லாரும் செய்திடும் தவறு ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான் ஒன்றில் டபுள் கிளிக் செய்கிறோம். ஒன்றும் நடப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. பொறுமை இழந்து மறுபடியும் கிளிக் செய்கிறோம். பின் இன்னொரு முறை. சில வினாடிகள் கழித்து ஒரே புரோகிராம் மூன்று விண்டோக்களாகத் திரையில் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் மீது தவறில்லை. நாம் கொடுத்த மூன்று கட்டளைகளையும் வரிசையில் வைத்துக் கொண்டு, நேரம் கிடைத்தவுடன் நிறைவேற்றி இருக்கிறது. இரண்டு விண்டோக்களை மூடிவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

இதே தவறை நான் 420 குதிரைத் திறன் கொண்ட கார் ஒன்றில் செய்தேன். மூடுவதற்கு அங்கே விண்டோ எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் இதழில் கார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய கார் ஒன்றில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நான் சாப்ட்வேர் இன்ஜினியராகப் பணியாற்றுவதும் அந்தத் துறையில்தான். அத்துடன், இந்தத் தவறைத் திருத்திக் கொள்ள எனக்கு மிகவும் உதவியது வீட்டில் இருந்த கம்ப்யூட்டர். அதனை நீங்களும் உங்கள் மேஜையில் அமர்ந்தபடியே செய்து பார்க்கலாம்.

என்ன நடந்தது?

வேலை காரணமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். என் டீம் லீடர் ஒரு ஜெர்மானியர். அவரிடம் 2001 ஆம் ஆண்டு தயாரான போர்ஷே 911 டர்போ இருந்தது. அதன் மாடல் எண் 996. இன்ஜின் அளவு 3.6 லிட்டர், இரண்டு டர்போக்கள், நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 4.2 வினாடிகள் போதும். 2023 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாக் பாரஸ்ட் மலைப்பகுதிக்குப் போனோம். பேடன் பேடன் ஊரிலிருந்து பிராய்டன்ஸ்டாட் வரை மலை முகட்டை ஒட்டிச் செல்லும் பி500 என்ற சாலை அங்கு புகழ் பெற்றது. பாதி வழியில் சாவியை என்னிடம் கொடுத்தார். ஜெர்மன் லைசென்ஸ் வாங்கி அப்போது எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய்க் கொண்டிருந்தது. நான் நான்காவது கியரில் இருந்தேன். இன்ஜின் 2,000 ஆர்.பி.எம். அளவில் சுற்றிக் கொண்டிருந்தது. நேரான சாலை தெரிந்தவுடன் இடப்பக்கம் இறங்கி ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தேன். கார் பெரிதாக எதுவும் செய்யவில்லை. "இவ்வளவுதானா?" என்று நினைத்து முழுவதும் மிதித்தேன். ஒரு வினாடிக்குப் பின்னர் யாரோ பின்னாலிருந்து தள்ளியதைப் போல முதுகு இருக்கையில் அழுந்தியது. லாரியைத் தாண்டிவிட்டேன். ஆனால் ஸ்பீடாமீட்டர் 140 காட்டியது. எதிரே இடப்பக்கம் திரும்பும் வளைவு. ஈரச் சாலை, அதன் மேல் உதிர்ந்த இலைகள். வளைவிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்று வெளியே வந்து கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கொண்டு பிரேக்கை அழுத்தினேன். ஏ.பி.எஸ். காலடியில் தடதடத்தது. 80 அளவிற்கு வேகம் இறங்கிய பின்னர் வளைவில் திரும்பினோம். மோட்டார் சைக்கிள்காரர் தன் பாதையில் பத்திரமாகப் போய்விட்டார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. சிறிது தூரம் போனதும் டீம் லீடர் ஒரு பார்க்கிங் இடத்தைக் கை காட்டினார். இறங்கி வந்து சாவியை வாங்கிக் கொண்டார். "அடுத்த மாதம் ஹாக்கன்ஹைமில் பயிற்சி நாள் இருக்கிறது. அதுவரை இது என்னிடம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

டர்போ எப்படி வேலை செய்கிறது?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். அதிகக் காற்று உள்ளே போனால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். அதிகச் சக்தி கிடைக்கும். சாதாரண இன்ஜின் தானே உறிஞ்சிக் கொள்ளும் காற்றோடு திருப்தி அடைகிறது. டர்போ இன்ஜினில் காற்று அமுக்கி உள்ளே தள்ளப்படுகிறது. தள்ளுவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையிலிருந்து. புகை வெளியேறும் வழியில் சிறிய சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆல்பிரட் பூச்சி என்ற பொறியாளர் 1905 ஆம் ஆண்டிலேயே இந்த அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார்.

உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டில் உள்ள மின்விசிறி நிமிடத்திற்கு ஓரிரு ஆயிரம் முறை சுற்றும். டர்போ சக்கரம் ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தை அது எடுத்த எடுப்பில் அடைவதில்லை. நீங்கள் மெதுவாக ஓட்டும் போது புகை குறைவு. சக்கரமும் மெதுவாகச் சுற்றுகிறது. பெடலை மிதித்தால் முதலில் புகை அதிகரிக்க வேண்டும். அந்தப் புகை சக்கரத்தை வேகப்படுத்த வேண்டும். அதன் பின்னரே காற்றின் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் புகை இன்னும் அதிகமாகும். சக்கரம் இன்னும் வேகமாகும். ஆகவே தொடக்கத்தில் தயங்கி, பின் மளமளவென்று ஏறுகிறது. இந்தத் தயக்கத்தை டர்போ லேக் என்று அழைக்கின்றனர். டர்போ பொருத்திய டீசல் கார் ஓட்டியவர்கள் இதனைக் கவனித்திருப்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸை முந்தும் போது சற்று உறங்கிவிட்டு, பின்னர் திடீரென விழித்துக் கொண்டு இழுக்கும். அந்தச் சிறிய இன்ஜினில் அது வெறும் எரிச்சல். என் டீம் லீடரின் காரில் 2,700 ஆர்.பி.எம். தொட்டவுடன் 560 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுமையாக வந்து சேர்கிறது. நான் 2,000-ல் இருந்தபடி கேட்டேன். கார் 2,700-ல் பதில் சொன்னது. அந்த இடைவெளியில் நான் இரண்டாவது கிளிக் செய்துவிட்டேன்.

பந்தயக்காரர்களையும் இந்த லேக் படுத்தியிருக்கிறது. 1977-ல் ரெனோ நிறுவனம் முதல் முறையாக டர்போ காரை பார்முலா ஒன் பந்தயத்திற்குக் கொண்டு வந்தது. மஞ்சள் நிறத்தில் இருந்த அந்தக் கார் அடிக்கடி புகை விட்டுக் கொண்டு நின்றதால், மஞ்சள் டீ கெட்டில் என்று கேலி செய்தார்கள். அதன் டிரைவர் ழான் பியர் ழபூயி வளைவு முடியும் முன்னரே பெடலை மிதிக்கக் கற்றுக் கொள்ள வேண்டியிருந்தது. அப்போதுதான் வளைவு முடியும் இடத்தில் சக்தி வந்து சேரும். 1979-ல் பிரான்ஸ் நாட்டு டிஜோன் தடத்தில் அவரே வெற்றி பெற்றார். அதன் பின் கேலி நின்றது. மற்ற நிறுவனங்களும் டர்போவிற்கு மாறின.

சாலையில் நிலைமை வேறு. 1975-ல் விற்பனைக்கு வந்த முதல் போர்ஷே 911 டர்போவிற்கு 260 குதிரைத் திறன், நான்கே கியர்கள், பின் சக்கரங்களுக்கு மட்டும் இழுவிசை. உதவிக்கு எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லை. இன்ஜின் பின் அச்சிற்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவே சக்தி திடீரென வந்தால் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். பயந்து போய்க் காலை எடுத்தால் இன்னும் மோசம். காரின் எடை முன்னால் சாய்ந்து, பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். கனமான பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். இந்தக் காருக்கு ஆங்கிலத்தில் விதவையாக்கி என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே உண்டு.

பெடல் என்பது ஒரு மவுஸ்

996 மாடல் வந்த போது நிலைமை வெகுவாக மாறியிருந்தது. பழைய காரில் ஆக்சிலரேட்டர் பெடலையும் இன்ஜினையும் ஒரு கம்பி இணைத்தது. 996 டர்போவில் அந்தக் கம்பி இல்லை. பெடலில் சென்சார் மட்டுமே உள்ளது. "இவர் 40 சதவீதம் மிதித்திருக்கிறார்" என்ற தகவல் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. காற்றுக் கதவை எவ்வளவு திறப்பது, எவ்வளவு பெட்ரோல் தருவது, டர்போவிற்குப் போகும் புகையில் எவ்வளவைத் திசை திருப்புவது என எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்கிறது. உங்கள் மவுஸை நகர்த்தினால் திரையில் உள்ள அம்புக்குறியை நகர்த்துவது ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். பெடல் ஓர் இன்புட் சாதனம்.

இன்னொரு கம்ப்யூட்டர் சக்கரங்களைக் கண்காணிக்கிறது. பொதுவாக இ.எஸ்.பி. என்றும், போர்ஷே கார்களில் பி.எஸ்.எம். என்றும் இதற்குப் பெயர். 1995-ல் மெர்சிடிஸ் கார்களில் முதன் முதலாக வந்தது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கும் திசையும், கார் உண்மையில் போகும் திசையும் ஒன்றுதானா என்று வினாடிக்கு 25 முறை ஒப்பிடுகிறது. வேறுபாடு தெரிந்தால் ஏதேனும் ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு, இன்ஜின் சக்தியையும் குறைத்துக் காரை நேர் செய்கிறது. ஓட்டுபவருக்கு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சில முறை சிமிட்டுவது மட்டும் தெரியும்.

எனக்கு அந்த விளக்கு பி500 சாலையிலேயே இரண்டு முறை சிமிட்டியிருக்கிறது. லாரிக்கு முன்னால் வந்த வளைவுகளில். நான் அதனைக் கவனிக்கவில்லை. நன்றாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். டீம் லீடர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

ஹாக்கன்ஹைம்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்திற்குள் போய்விடலாம். பார்முலா ஒன் பந்தயங்கள் நடந்த தடம் இது. 2002-ல் காட்டுக்குள் சென்ற நீண்ட பகுதியை வெட்டிவிட்டு மாற்றி அமைத்தார்கள். இப்போது ஒரு சுற்று 4.574 கி.மீ.

காலையில் எங்களைத் தடத்தில் விடவில்லை. தண்ணீர் தெளித்து வழுக்கும்படி செய்த ஒரு தளத்திற்கு அழைத்துப் போனார்கள். வேகம் மணிக்கு 50 கி.மீ. மட்டும். முதலில் பி.எஸ்.எம். இயங்கும் நிலையில் வட்டமாக ஓட்டச் சொன்னார் பயிற்சியாளர். பெடலை எப்படி மிதித்தாலும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. பின் அவர் கையை நீட்டிப் பட்டனை அழுத்தி பி.எஸ்.எம். வசதியை நிறுத்தினார். அடுத்த வட்டத்தில் மிதித்தேன், காத்திருந்தேன், இன்னும் சற்று மிதித்தேன்; பின்பக்கம் நழுவியது, காலை எடுத்தேன், கார் ஒரு முழுச் சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அப்படியே. காலையில் பத்து நிமிடம் என் திறமை என்று நான் நினைத்தது எல்லாம் யாரோ எழுதிய சாப்ட்வேர். அதே போன்ற சாப்ட்வேரை எழுதிச் சம்பளம் வாங்குபவன் நான் என்பது கூடுதல் வெட்கம்.

நான்காவது முறை பயிற்சியாளர் ஒரே ஒரு மாற்றம் சொன்னார். இரண்டாவது முறை மிதிக்காதே. முதலில் சிறிதளவு மிதித்து, காலை அதே இடத்தில் அசையாமல் வைத்திரு. டர்போ வரட்டும். வந்த பிறகு வேண்டுமானால் கூட்டு. கார் வழுக்கியது, ஆனால் சுழலவில்லை. காலைப் படக்கென்று எடுக்காமல் சிறிது சிறிதாகக் குறைத்த போது தானே நேரானது.

மதியம் தடத்தில் பி.எஸ்.எம். மீண்டும் இயக்கத்திற்கு வந்தது. ஹாக்கன்ஹைமில் பரபோலிகா என்ற நீண்ட, இடப்பக்கம் லேசாக வளையும் பகுதி உண்டு. அங்கே வேகம் 200-ஐத் தாண்டும். 200 என்றால் வினாடிக்கு 55 மீட்டருக்கு மேல். அரை வினாடி யோசித்தால் 28 மீட்டர் போய்விடும். வேகம் இருமடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. நல்ல சாலையில் 100-லிருந்து 40 மீட்டரில் நிற்கும் கார், 200-லிருந்து நிற்க ஏறத்தாழ 160 மீட்டர் கேட்கும். டர்போ காரில் இந்தக் கணக்கு மிக முக்கியம். ஏனென்றால், இன்ஜின் அலறுவதில்லை, கார் நடுங்குவதில்லை. வேகம் ஏறியது காதிற்குத் தெரியாது. மீட்டரைப் பார்த்தே தெரிந்து கொள்ள வேண்டும்.

பரபோலிகாவின் முடிவில் ஹேர்பின் போன்ற வலப்பக்க வளைவு. இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும். டர்போ உறங்கிவிடும் இடம் இது. நேராக இருக்கும் போதே பிரேக்கை முடித்துவிட்டு, திரும்பி, வளைவின் உள் விளிம்பை எட்டும் சற்று முன்னரே பெடலை லேசாகத் தொட்டு வைத்தேன். ஸ்டியரிங்கை நேராக்கிக் கொண்டு வரும் போது அழுத்தம் வந்தது. டேஷ்போர்டில் டர்போ அழுத்தத்தைக் காட்டும் சிறு கட்டம் உண்டு. அதில் எண் ஏறத் தொடங்கும் நேரமும், கார் நேராகும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருபது சுற்றில் ஐந்தாறு முறை சரியாக வந்தது. சரியாக வந்த போது மஞ்சள் விளக்கு எரியவில்லை. அதன் பின் விளக்கு எரியாமல் ஓட்டுவதையே இலக்காக வைத்துக் கொண்டேன்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடிக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். தடத்தில் விரட்டிய பின் டர்போ கடுமையான சூட்டில் இருக்கும். அதன் தண்டு இன்ஜின் ஆயிலில் மிதந்து சுழல்கிறது. உடனே இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகும். ஷட் டவுன் செய்திடாமல் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். காலையில் புறப்படும் போதும் ஆயில் சூடாகும் வரை பெடலை விரட்டக் கூடாது. டயரும் குளிர்ந்திருக்கும் போது பிடிக்காது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகுவது

இந்தக் கட்டுரையைப் படிக்கும் அனைவரும் போர்ஷே வாங்கப் போவதில்லை. நானும் வாங்கப் போவதில்லை. ஆனால் கார் சிமுலேட்டர் புரோகிராம் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கும். பயிற்சி நாளுக்கு முன் நான் மூன்று வாரம் பயன்படுத்தியது அசெட்டோ கோர்சா. இத்தாலி நாட்டு குனோஸ் நிறுவனம் உருவாக்கியது; 2014-ல் வெளியானது. ஹார்ட் டிஸ்க்கில் 15 ஜிபி இடம் வேண்டும். தனியான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் சில ஆண்டுகள் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். காரின் அசைவை இது வினாடிக்கு 333 முறை கணக்கிடுகிறது. திரையில் படம் 60 முறை மாறினாலே நமக்குப் போதும்.

கீ போர்டில் இதனைப் பழக முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கீ அழுத்தப்பட்டிருக்கும் அல்லது அழுத்தப்படாமல் இருக்கும். நடுவில் எதுவும் இல்லை. டர்போ காரில் எல்லாமே அந்த நடுவில்தான் இருக்கிறது. பெடலுடன் கூடிய ஸ்டியரிங் வீல் நல்லது. அது விலை அதிகம் என்றால் கேம்பேட் போதும். அதன் பின்பக்க டிரிக்கர் பட்டன் எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். யு.எஸ்.பி. போர்ட்டில் இணைத்த பின் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் அமைப்பிற்குச் சென்று, டிரிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கோடு சீராக ஏற வேண்டும். தாவித் தாவி ஏறினால் கேலிபரேட் செய்திடவும். எனக்கு முதல் வாரம் வீணானது இதனைச் செய்யாததால்தான்.

புரோகிராமில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்ற உதவி ஒன்று உண்டு. இது புதியவர்களுக்காகச் சேர்க்கப்பட்டது. உண்மைக் காரில் இல்லாதது. அதனைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஏ.பி.எஸ்., டிராக்ஷன் கன்ட்ரோல் இரண்டையும் பேக்டரி என்ற நிலையில் வைத்தால், உண்மைக் காரில் உள்ளது மட்டும் கிடைக்கும். பின் பெராரி எப்40 காரைத் தேர்ந்தெடுக்கவும். 1987-ல் வந்த இந்தக் காருக்கு 2.9 லிட்டர் இன்ஜின், இரண்டு டர்போக்கள், 478 குதிரைத் திறன். ஏ.பி.எஸ். கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, எந்த உதவியும் கிடையாது. டர்போ லேக் என்றால் என்ன என்று கற்றுக் கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. தடங்களில் இத்தாலியில் உள்ள மஜியோனே போதும். ஒரு சுற்று இரண்டரை கி.மீ.தான், மெதுவான வளைவுகள் அதிகம்.

முதல் நாள் ஒவ்வொரு வளைவிலும் சுழன்றீர்கள் என்றால் எல்லாம் சரியாக இயங்குகிறது என்று பொருள். பின்னர் ஒரே ஒரு வளைவை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். பெடலைத் தொடும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் சற்று முன்னே நகர்த்துங்கள். ரீபிளே வசதியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால், நீங்கள் மிதித்த நேரத்திற்கும் கார் பாய்ந்த நேரத்திற்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரியும். எனக்கு இதைப் பார்த்த பின்னரே பி500 சாலையில் நடந்தது என்ன என்பது முழுமையாகப் புரிந்தது.

விளையாட்டில் பழகினால் நிஜத்தில் உதவுமா? உதவியவர்கள் இருக்கிறார்கள். நிசான் நிறுவனமும் சோனி நிறுவனமும் சேர்ந்து கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, பந்தய டிரைவர்களாகப் பயிற்சி அளித்தன. 2008-ல் முதலில் வென்ற ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனியஸ், 2011-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாவது இடம் பிடித்த அணியில் இருந்தார். 2011-ல் வென்ற இங்கிலாந்தின் யான் மார்டன்பரோவைப் பற்றி 2023-ல் திரைப்படமே வந்தது. அதே மார்டன்பரோ 2015 மார்ச்சில் நூர்பர்க்ரிங் தடத்தில் டர்போ ஜி.டி.ஆர். பந்தயக் காரில் மேடு ஒன்றைத் தாண்டும் போது, காரின் முன்பக்கம் காற்றில் எழும்பி, கார் வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். ஆயிரக்கணக்கான மணி நேரம் பழகியவருக்கும் நிஜத்தில் எஸ்கேப் கீ கிடையாது.

சிமுலேட்டர் சொல்லித் தராத ஒன்று உண்டு. நாற்காலி நகர்வதில்லை. பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை நிஜக் காரில் முதலில் உணர்வது முதுகும் இடுப்பும். கண்ணுக்கு அது பிறகுதான் தெரியும். வீட்டில் கண்ணை மட்டும் நம்பிப் பழகியதால், தண்ணீர்த் தளத்தில் முதல் மூன்று முறையும் நான் தாமதமாகவே விழித்துக் கொண்டேன்.

சாலையில் என்ன மாற்றிக் கொண்டேன்?

முந்துவதற்கு முன்னரே கியரைக் குறைக்கிறேன். லாரிக்குப் பின்னால் இருக்கும் போதே மூன்றாவது கியர், 3,000 ஆர்.பி.எம். அப்போது டர்போ விழித்திருக்கும். பெடலுக்கு உடனே பதில் வரும். எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. முந்தி முடித்த பின் வரும் வளைவு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். மழையில் இதற்கு நேர்மாறாக ஒரு கியர் அதிகமாகவே வைத்து, டர்போவை உறங்க விடுகிறேன். ஆட்டோபானில் வேக வரம்பு இல்லாத பகுதிகள் உண்டு என்றாலும், அங்கும் 130 கி.மீ. என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகம். அதற்கு மேல் போகும் ஒருவர் விபத்தில் சிக்கினால், தவறு அவருடையதாக இல்லாவிட்டாலும் பொறுப்பில் ஒரு பங்கு அவர் தலையில் விழலாம்.

புதிய கார்களில் இந்த லேக் மிகவும் குறைந்துவிட்டது. 2006-ல் வந்த 911 டர்போவில் புகைச் சக்கரத்தைச் சுற்றியுள்ள சிறு தகடுகளின் கோணத்தைக் கம்ப்யூட்டர் மாற்றியது. 2024-ல் அறிமுகமான 911 ஜி.டி.எஸ். காரில், டர்போ தண்டின் நடுவில் ஒரு மின்மோட்டார் அமர்ந்திருக்கிறது. புகைக்காகக் காத்திருக்காமல் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறது. காத்திருக்கப் பழக வேண்டிய தேவை இனி குறையலாம். ஆனால் பழைய டர்போ கார்கள் இன்னும் பல ஆண்டுகள் கை மாறிக் கொண்டேதான் இருக்கும். மூன்றாவது சொந்தக்காரராக அவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்.

2024 மே மாதம் டீம் லீடர் மறுபடியும் பி500 சாலையில் சாவியைக் கொடுத்தார். இந்த முறை முன்னால் பால் டேங்கர். மூன்றாவது கியருக்கு மாற்றினேன். டர்போ தயார். நேரான சாலை வந்தது. அதன் முடிவில் உள்ள வளைவு நான் எதிர்பார்த்ததை விட அருகில் இருந்தது. வெளியே வரவில்லை. அடுத்த ஊர் வரை ஆறு கி.மீ. அந்த டேங்கருக்குப் பின்னாலேயே போனோம். திரும்பிப் பார்த்த போது பக்கத்து இருக்கையில் டீம் லீடர் உறங்கிக் கொண்டிருந்தார்.